தாம்பரத்திலிருந்து கிண்டி வரை

நொதியின் வாயை ஒரு சிறு மூலக்கூறு அடைத்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கும். எப்படி அடைக்கிறது என்பதுதான் என் ஆய்வு. 1972இல், தாம்பரத்தில் வளர்த்த நொதிப் படிகத்தைக் கண்ணாடிக் குழாயில் மூடி, எக்ஸ்ரே எடுக்க வாரந்தோறும் கிண்டிக்கு மின்சார ரயிலில் போவேன்.

அப்பா என்னைத் தனியாக விடமாட்டார். ஜன்னலோரம் உட்காரவைத்து, படிக டப்பாவை வாங்கிக்கொண்டு எதிரே மறித்து நிற்பார்.

“சீட் காலியா இருக்கேப்பா. முட்டி வேற வலிக்குது, உக்காருங்களேன்.”

“நீ பேசாம வா, ரத்தினம்.”

“எவன் என்னைத் தூக்கிட்டுப் போகப்போறான்? இருபத்தாறு வயசாச்சுப்பா!”

அந்தப் படிகத்தைப்போல என்னையும் மூடி வைத்திருக்கிறார் என்று நினைப்பேன்.

நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மறிக்க ஆளில்லாமல், தனியாகப் போனேன். மூன்று வாரமும் படிகத்தில் விரிசல். இன்னொன்று உடைந்தால் ஆய்வையே விட்டுவிடச் சொன்னார் பேராசிரியர்.

எக்ஸ்ரே அறை உதவியாளர் ஜமால் பாயிடம் அழுதேன். “அப்பா இருந்தவரைக்கும் ஒண்ணுகூட உடையலியே, பாய்.”

“இன்னாம்மா, உக்காந்துகினா வந்தே?”

“ஆமா.”

“படிகம் உடையாம எப்படி எடுத்தாறதுன்னு மொத நாளே உங்கப்பா கேட்டாரு. உக்காந்தா பெஞ்சு அதிரும், நின்னுகினு கையில ஏந்தினாத்தான் தாங்கும்னேன். ‘அவகிட்ட சொல்லிடாதீங்க பாய், சொன்னா அவ நிப்பா’ன்னாரு.”

அடுத்த வாரமும் பெட்டியில் இடம் காலியாகத்தான் இருந்தது. கிண்டி வரை நின்றுகொண்டே போனேன். படிகம் உடையவில்லை.