ஜெனீவாவில் ஐந்து வருடம்

இன்னும் இருபது நிமிடத்தில் தன் பொய் சந்தி சிரிக்கப்போகிறது என்று நஷ்அத்துக்குத் தெரிந்துவிட்டது. நேர்முகத் தேர்வு அறையில் ஏசி பதினெட்டில் ஓடியும் சட்டைக் காலர் நனைந்துபோயிற்று. டையைத் தளர்த்தினார், பயந்ததாகத் தெரியுமோ என்று உடனே இறுக்கினார்.

எதிரே இருந்தவனோ தேநீரில் நாலாவது கரண்டி சர்க்கரையைப் போட்டு நிதானமாகக் கலக்கிக்கொண்டிருந்தான். பெயர் ஷிஹாதா, ஊர் ஸோஹாக். வேலை கேட்டு வந்தவன் அவன்தான். நஷ்அத், செங்கடல் கரையில் இருந்த அந்த முந்நூறு அறை ஓட்டலின் பொது மேலாளர்.

டை கட்டியவனெல்லாம் டாக்டர், காரை விட்டு இறங்குபவனெல்லாம் பாஷா என்கிற நாட்டில் அவரையும் டாக்டர் நஷ்அத் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அதற்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் பதினோரு வருடத்துக்கு முன் பயோடேட்டாவில், ஜெனீவா ஏரிக்கரை ஓட்டலில் ஐந்து வருடம் இணை மேலாளர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

அந்த ஐந்து வருடமும் அவர் தாந்தா என்ற உள்நாட்டு ஊரில் மாமனாரின் கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். முதலாளியம்மா ஹாஜ்ஜா இன்ஷிராஹ் அந்த வரியில் சொக்கிப்போய், தங்க எழுத்தில் பொறித்து, வரவேற்பறையில் எல்லோரும் உட்காரும் சோபாவுக்கு எதிரிலேயே மாட்டிவிட்டார்.

இப்போது ஷிஹாதா வரவேற்பறையில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த படிவத்திலும் அதே ஊர், அதே ஓட்டல், அதே ஐந்து வருடம். பேனா மை நஷ்அத்தின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. பாழாய்ப்போன வியர்வை என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

பெய்ரூட்டில் சமைத்ததாகப் புளுகிய தலைமைச் சமையல்காரனை, போன ரமலானில் நோன்பு திறக்கும் நேரம்வரைகூடப் பொறுக்காமல் துரத்தியவர் ஹாஜ்ஜா. நண்பகல் தொழுகை முடிந்ததும் அவரே இந்த அறைக்கு வருவதாக ஏற்பாடு.

"அங்கே எந்தப் பிரிவுல இருந்தீங்க, உஸ்தாத் ஷிஹாதா?"

"எல்லாத்துலயும்தான் பாஷா. உங்களுக்குத் தெரியாததா!"

நஷ்அத் படிவத்தைப் புரட்டினார். "குளிர் ரொம்ப இருந்திருக்குமே?"

"நீங்க பார்க்காத குளிரா? உங்ககிட்ட போய் நான் சொல்றதா?"

"பெரிய மேனேஜர் பேரு என்னவோ..."

"பெரியவங்க பேரை நான் எப்படி பாஷா வாயால சொல்றது? நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கறேன்." அவன் பணிவாகச் சிரித்தான். அதைப் போல ஒரு மிரட்டலை நஷ்அத் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "என்னை அங்கே பார்த்த ஞாபகம் இருக்கா?"

"உங்களை மாதிரி ஆளை ஒரு தடவை பார்த்தா மறக்க முடியுமா?"

முடிந்தது கதை. நஷ்அத் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தணித்தார். "கெய்ரோவுல இதைவிட நல்ல வேலை வாங்கித் தர்றேன். ஹாஜ்ஜா வர்றதுக்குள்ள கிளம்பிடுங்களேன்."

"ஐயோ, நல்லாச் சொன்னீங்க! இவ்வளவு தூரம் வந்துட்டு, அவங்களுக்கு ஒரு சலாம் வச்சு ரெண்டு வார்த்தை பேசாம போறதா?"

இரண்டு வார்த்தை போதுமே! வெளியே தாழ்வாரத்தில் ஹாஜ்ஜாவின் ஜபமணி உருளும் சத்தம் கேட்டது. அவன் வாயால் கேட்பதற்கு முன் தன் வாயால் சொன்னால் ஒருவேளை மன்னித்துவிடுவார். நஷ்அத் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்.

"ஹாஜ்ஜா, நான் ஜெனீவாவுக்குப் போனதே இல்லை."

ஜபமணி நின்றது. "என்னது?"

"அந்த ஓட்டலைப் படத்துலதான் பார்த்திருக்கேன். மன்னிச்சிடுங்க."

"அடப்பாவி! வர்ற ஜெர்மன்காரன்கிட்ட எல்லாம் 'எங்க ஜெனீவாக்காரர்'னு உன்னை இழுத்து வந்து காட்டினேனேடா! ஒருத்தன் விடாம படம் வேற எடுத்துக்கிட்டான். சரி, பதினோரு வருஷம் தூங்கின மனசாட்சி இன்னிக்கு ஏன் முழிச்சுது?"

நஷ்அத் தரையைப் பார்த்தார். "உள்ளே ஒருத்தர் உட்கார்ந்திருக்கார். அவர் நிஜமாவே அங்கே வேலை பார்த்தவர்."

"அப்படிச் சொல்லு. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் நேர்மை பொத்துக்கிட்டு வந்துடுச்சு." ஹாஜ்ஜா அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "உன் நாற்காலியில அவரை உட்கார வை. சாவியெல்லாம் அவர் கையில கொடுத்துட்டு, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள கிளம்பு."

பதினோரு வருடத்துச் சாமான் என்று அள்ளிப் பார்த்தால் இரண்டு டையும் ஒரு வாசனைத் திரவியப் புட்டியும்தான் தேறின. புதிய பொது மேலாளர் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, நஷ்அத்தின் காதருகே குனிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க பாஷா, யாராவது கேட்டா சொல்லணுமே... இந்த ஜெனீவா எந்த நாட்டுல இருக்கு?"