உரிமையாளர் பெயர்

விடுதி அறையின் ரிசீவரை வைத்துவிட்டு அவள் கதவைப் பார்த்தாள்.

வரவேற்பறைப் பெண் சிரித்துச் சிரித்துத்தான் பேசினாள்.

"நாயோட தடுப்பூசி புக்ல இருந்த நம்பருக்குக் காலைல பத்தரைக்கே பேசிட்டோம் மேடம். ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறது எங்க வழக்கம். சார் ரொம்பத் தன்மையா பேசினாரு. உடனே கிளம்பி வர்றாராம். ரூம் நம்பர் கேட்டாரு, அது மட்டும் சொல்லக் கூடாது சார்னுட்டேன்."

தன்மையாகத்தான் பேசுவான் தயாளன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் வெளியாள் ஒருவரிடம் ஒரு சுடுசொல் பேசியதில்லை. எல்லாவற்றையும் அவளுக்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான்.

எத்தனை கவனமாகக் கிளம்பினாள்!

கைப்பேசியை அழுக்குத் துணிக்கு அடியில் போட்டுவிட்டு வந்தாள். மூன்று தெரு தள்ளிப் போய் டாக்சி பிடித்தாள். நாயையும் சேர்த்துக்கொள்ளும் விடுதியாகத் தேடி, ஏற்காட்டில் இரண்டு நாளைக்கு அறை எடுத்தாள். அதற்குள் அண்ணன் துபாயிலிருந்து வந்துவிடுவான். அடையாளத்துக்கு, கல்யாணத்துக்கு முன்பு எடுத்த வாக்காளர் அட்டையை நீட்டினாள். அதில் அப்பா பெயர்தான் இருந்தது.

நாய்க்கு அப்படிப் பழைய அட்டை ஏது?

மிளகுக்கு முதல் ஊசி போட்ட அன்று, வீட்டுக்காரர் பேர் சொல்லும்மா என்றார் கால்நடை மருத்துவர். அவளும் சொன்னாள். நம்பரையும் சொன்னாள். தூக்கிக்கொண்டு போனவள் அவள். அமுக்கிப் பிடித்தவள் அவள். கடி வாங்கியவளும் அவள்தான். உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர்.

சொன்ன வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மணி பன்னிரண்டு. டாக்சி வர அரை மணி நேரமாகும் என்றார்கள். சேலத்திலிருந்து மலையேற ஒன்றரை மணி நேரம் போதும் அவனுக்கு.

கதவைத் தாழிட்டாள். திரையை இழுத்துவிட்டாள். துணிகளைப் பையில் திணித்தாள்.

வெளியே நடைக்கூடத்தில் செருப்புச் சத்தம்.

நிதானமான நடை.

மிளகு எழுந்து நின்றது. காதுகளைத் தூக்கியது.

பாய்ந்து போய் அதன் வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும்.

சத்தம் கதவருகே வந்தது. நிற்கவில்லை. கடந்து போனது.

அவள் மூச்சு விட்டாள்.

மிளகுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவன் அதை ஒருநாளும் அடித்ததில்லை. தன் தட்டிலிருந்து எலும்பை எடுத்துப் போட்டே வளர்த்தவன். அது வாலை ஆட்ட ஆரம்பித்தது. பின்னால் மர அலமாரி.

டக். டக். டக்.

தூரத்தில் நடை நின்றது.

பிறகு, அதே நிதானத்தோடு, திரும்பி வந்தது.