ஏழாயிரத்துப் பன்னிரண்டு

ஷெரோன் குடுவையைச் சரித்தாள். திரவ நைட்ரஜன் சீறிக்கொண்டு செப்புக் குவளைக்குள் இறங்கியது.

குவளைக்கு அடியில் ஒரு சின்னஞ்சிறு கணினிப் புரோசசர். பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூறு பாகையில் அது விறைத்துக் கிடந்தது.

ஜொய்சன் அதன் வேகத்தைப் படிப்படியாக ஏற்றினான். ஆறாயிரத்து எழுநூறு மெகாஹேர்ட்ஸ். ஆறாயிரத்து எண்ணூறு.

ஏழாயிரத்தைத் தொட வேண்டும். சுஜீவன் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

சுஜீவன் அவளுடைய அண்ணன், ஜொய்சனின் கூட்டாளி. இதே மேசைக்குப் பக்கத்தில் செத்து விழுந்து கிடந்து மூன்று மாதமாகிறது.

பித்துப் பிடித்த விளையாட்டுத்தான் இது. பரிசும் இல்லை, பாராட்டும் இல்லை. எண்ணோடு மேசை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பினால், இணையத்தில் உள்ள பட்டியலில் பெயர் கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் சுஜீவனின் பெயர் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் நின்றுபோயிருந்தது. இன்றைய எண் அவன் பெயரில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தவள் ஷெரோன்.

பழுகாமத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற கனகசிங்கத்தாரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான், விந்து உறையவைக்க அவர் வைத்திருந்ததில் ஒரு குடுவை நைட்ரஜன் கிடைத்தது. இனிக் கேட்க முடியாது.

அம்மா செபஸ்தியம்மா கதவடியில் வந்து நின்று, இன்றைக்காவது பிள்ளையின் எண் வருமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.

வாவிக் காற்று திரைச்சீலையைத் தூக்கி எறிந்தது. குவளையைச் சுற்றி வெண்பனி தடித்து, உருகி, போர்டின் மேல் துளித்துளியாக இறங்கத் தொடங்கியது. பூசிவைத்த வாஸ்லினும் சுற்றிவைத்த கடுதாசியும் எவ்வளவுக்குத்தான் தாங்கும்?

"வாவிப் பக்கத்து ஜன்னல மட்டும் சாத்துவமா தங்கச்சி? இந்த ஈரக் காத்து உடாது."

"வேணா அண்ணா. திறந்தே கிடக்கட்டும்."

ஜொய்சன் ஜன்னலை விட்டுவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினான். நைட்ரஜனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறைக்குள் மூச்சுக்காற்றை மெல்லத் தள்ளிவிட்டு அதுவே நிறைந்துவிடும், உள்ளே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. அது அவனுக்கும் தெரிந்ததுதான்.

செத்த வீட்டிலேயே அவளைத் தனியே கூப்பிட்டு, அன்றைக்கு ஜன்னல் திறந்துதானே கிடந்தது என்று கேட்டிருந்தான். ஓம் என்றாள். அதன்பிறகுதான், இருபத்தாறு வயதில் இதயம் நின்றுவிட்டது என்ற வைத்தியரின் சொல்லை அவனும் நம்பினான்.

இன்னும் ஒரு படி. திரை கறுத்துப் போயிற்று.

போர்டுக்குள் தண்ணீர் போய்விட்டது. இரண்டு தரம், மூன்று தரம் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். எழும்பவில்லை. குடுவையின் அடியில் கடைசிப் புகையும் அடங்கியது.

ஷெரோன் கையுறையைக் கழற்றாமலே நின்றாள்.

ஜொய்சன் ஆறுதலாகத்தான் சொன்னான். வாவிக்கரையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஏழாயிரம் யாருக்கும் வராது, சுஜீவனுக்கே வரவில்லை, அந்த எண் வராமலேதான் அவன் போனான் என்றான்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அலுமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து அண்ணனின் போனை எடுத்தாள். அதைத் திறக்கும் இலக்கம் தனக்குத் தெரியாது என்று மூன்று மாதமாக எல்லோருக்கும் சொல்லிவந்தவள், நான்கு எண்களைத் தட்டி அவன் கையில் கொடுத்தாள்.

சுஜீவன் கடைசியாக எடுத்த படம். மேசை, குவளை, திரை. திரையில் ஏழாயிரத்துப் பன்னிரண்டு.

ஜொய்சனின் முகம் மலர்ந்தது. கண் கலங்கச் சிரித்தான். இதை ஏன் அனுப்பாமல் வைத்திருந்தாய் என்று கேட்க வாயெடுத்தவன், படத்தை விரலால் பெருப்பித்தான். படத்தில் மேசைக்குப் பின்னால் அவன் பார்வை போனது. அங்கேயே நின்றுவிட்டது.

மூடிய ஜன்னல். இடுக்கு விடாமல் நாலு பக்கமும் மண்ணிற டேப்.

ஒரு சொட்டு ஈரமும் வராது என்று அண்ணன் மெச்சும்படி அதை ஒட்டியவள் அவள்தான். ஆட்கள் ஓடி வருமுன் உரித்தவளும் அவள்தான்.