டாக்டரின் கடைசிக் காட்சி

"கட்" என்று இயக்குநர் சொன்ன பிறகும் அவர் கண்களைத் திறக்கவில்லை.

அறுவை மேசையில் அப்படியே கிடந்தார்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டொரோண்டோவின் இந்தப் படப்பிடிப்புத் தளத்தில் ஒன்பது வருடம் டாக்டராக நடித்தவர். பிரிய மனமில்லாமல் கிடக்கிறார் என்று நினைத்தார்கள்.

அவருக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. அவ்வளவு நிம்மதி.

இன்று முழுக்க ஒரு வசனமும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்து அவர் நடித்த முதல் வேடத்துக்குப் பெயர் கிடையாது. டாக்ஸிக்காரர். பிறகு கடைக்காரர், இன்னொரு டாக்ஸிக்காரர், ஒரு பிணம். ஐம்பது வயதில்தான் இந்தத் தொலைக்காட்சித் தொடர் கிடைத்தது. அதன்பின் வீதியில் போனால் வெள்ளைக்காரப் பாட்டிகள் நிறுத்தி, முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள்.

போன வருடம் வசனங்கள் நழுவத் தொடங்கின.

முதலில் மருந்துகளின் பெயர்கள். பிறகு நோயாளிகளின் பெயர்கள். ஒருநாள், கூட நடிப்பவளின் பெயர்.

மனைவி இந்திராணிக்கு மட்டும்தான் தெரியும். படப்பிடிப்புள்ள காலைகளில் சமையலறையில் உட்கார்ந்து, நோயாளியாகவும் தாதியாகவும் மாறி மாறி வாசித்து, அவருக்கு வசனம் ஏற்றி அனுப்பினாள்.

கடைசியில் அவரே கதாசிரியரிடம் போய்க் கேட்டார். டாக்டரைக் கொன்றுவிடுங்கள்.

காரணம் சொல்லவில்லை.

இப்போது கண்களைத் திறந்தார். எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே இந்திராணி காரில் காத்திருந்தாள்.

"எப்பிடிப் போச்சுது?"

"செத்துப் போனன்."

"நல்லாச் செத்தனீங்களோ?"

"ஒரே டேக்."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் காரை எடுத்தாள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கார் பெருஞ்சாலையில் ஏறியது. வீட்டுக்குப் போகும் பக்கம் இல்லை.

"எங்க போறம்?"

ஸ்டியரிங்கில் அவள் விரல்கள் ஒரு கணம் இறுகின.

பிறகு அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"ஏர்போட்டுக்கு. மகள் வாறாள். பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு."

அவர் முகம் மலர்ந்தது.

காலையில் அவள் சொன்னபோதும் இப்படித்தான் மலர்ந்தது.