வெயில் அடிக்கிற ஜன்னல்

"பாட்டிலைக் கொடு."

மாணவி கொடுத்தாள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை அதில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாதென்று லேபிளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். பள்ளியில் அவருக்குப் 'பூட்டு மேடம்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்!

சர்வதேசப் பாடத்திட்டத்தில் இப்படி ஒரு வம்பு உண்டு. இரண்டு தேர்வுகள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியமும் எழுதலாம். ஆனால் நடுவில் தனியறை. செல்போன் கிடையாது. வெளியாள் யாரோடும் பேச்சு கிடையாது. வினாத்தாள் விஷயம் காதில் விழுந்துவிடக் கூடாதாம்.

காலையில் இயற்பியல் எழுதியாகிவிட்டது. மதியம் கணக்கு. அதற்கு வெறும் தாளைத்தான் கொடுப்பது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"உன்னை நம்பி இதுல சேர்த்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!"

காலையில் கிளம்பும்போது அப்பா சொன்னது இன்னும் உறுத்தியது. நம்பிக்கையே போய்விட்டதாம். அப்புறம் யாருக்காக எழுதுவது?

மேஜை மேலிருந்த இன்டர்காம் அடித்தது. மேடம் எடுத்தார்.

"முடியாது. யாரா இருந்தாலும் உள்ள விடாதீங்க. எந்தச் சேதியும் வாங்காதீங்க."

பட்டென்று வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"அந்த ஜன்னல் பக்கம் போய் உட்காரு."

"ஏன் மேடம்? இங்கதான் ஏசி காத்து வருது."

"சொன்னதைச் செய்."

போய் உட்கார்ந்தாள். அவர் திரையையும் சர்ரென்று விலக்கினார். வெயில் முகத்தில் அறைந்தது.

"கண்ணு கூசுது மேடம். மூடிக்கட்டுமா?"

"கூடாது."

மனுஷியா இவங்க? ஆத்திரத்தில் மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"தூங்காதே. நிமிர்ந்து உட்காரு."

வேண்டாவெறுப்பாக நிமிர்ந்தாள். கேட்டுக்கு வெளியே, கொதிக்கிற வெயிலில் ஒருவர் நின்றிருந்தார். சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்தில் அலுவலக அடையாள அட்டை.

அப்பா!

காய்ச்சல் வந்தால்கூட அரை நாள் லீவு போடாத மனிதர். மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல், பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் நிழலுக்குக் கூப்பிட்டும் நகரவில்லை.

அவள் காலையிலிருந்த கோபத்தைத் தேடினாள். காணோம்.

"மேடம், கணக்குப் பரீட்சைக்குக் கூடுதல் தாள் தருவாங்கல்ல?"

"கேட்டா தருவாங்க."

"எங்கப்பா... என்ன சொல்ல வந்தாரு?"

"அதை நான் உங்கிட்டச் சொல்லக் கூடாது. விதி."

பூட்டு மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப வேணும்னா திரையை மூடிக்கோ."