பன்னிரண்டாவது மெடல்

“ஆள் செத்தது நிச்சயம்தானே?”

வக்கீல் வேதாந்தம் இதை மூணாவது தடவையா கேட்டாரு. அவரோட மயிலாப்பூர் வீட்டு ஆபீஸ் ரூம் வாசப்படியில நின்னவன், இடுப்பு முடிச்சுலேருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

“கமிட்டியே சீல் போட்டு எழுதிக் குடுத்துகீது சாமி. இதுக்கு மேல எப்பிடி சாவறது?”

வேதாந்தம் மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாரு. ‘ஏ.ஆர்.பி. என்னும் விமானத் தாக்குதல் பாதுகாப்புப் படைத் தொண்டர் அம்மாசி லஸ் முனையில் கடமையின்போது மரணமடைந்தார். அவர் மனைவிக்கு இந்த நினைவு மெடல் வழங்கப்படுகிறது.’ தேதி, கையெழுத்து எல்லாம் கச்சிதமா இருந்துது.

அவர் கண்ணு அலமாரிப் பக்கம் போச்சு. ஜூபிலி மெடல், முடிசூட்டு மெடல், டில்லி தர்பார் மெடல்னு ஒரு அலமாரி நிறைய சேர்த்து வெச்சிருக்கிற மனுஷன். ஆனா செத்தவன் மெடலைத்தான் வாங்குவாரு. உயிரோட இருக்கிறவன்கிட்ட வாங்கினா, மச்சினிச்சி கல்யாணத்துக்குக் குத்திக்கணும்னு இரவல் கேட்டு வந்து நிப்பான். ஒரு ஹவில்தார் அப்படித்தான் வாங்கிட்டுப் போனான். மெடலும் வரல, ஹவில்தாரும் வரல.

போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே மூட்டை கட்டிக்கிட்டு ஓடிச்சு. அப்ப ஓடாம நின்ன தொண்டர்களுக்குன்னு வட்டாரக் கமிட்டி சைரன் படம் போட்டுப் பன்னிரண்டே பன்னிரண்டு மெடல் அடிச்சுது. அதுல பதினோரு பேர் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்காங்க. வேதாந்தம் ஒரு வருஷமா அவங்களை வருத்தத்தோட பார்த்துக்கிட்டு இருந்தாரு.

இது பன்னிரண்டாவது. வந்தவன் அடுத்து நீட்டின மெடலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

“ஏம்ப்பா, இப்படிப் பளபளங்கறதே! புளி போட்டுத் தேச்சியா?”

“ஆமா சாமி. சாம்பலும் போட்டேன்.”

“அடப்பாவி! பழசு பழசாத்தான் இருக்கணும். சரி போ. ஏன் விக்கறே?”

“வயிறுதான். செத்தான்னு லெட்டர் வந்த கையோட ரேஷன் கார்டுல ஒரு தலைய அடிச்சிட்டாங்க. அம்மாசி பொஞ்சாதி ஒரு ஆளு அரிசியில ரெண்டு வயித்த ரொப்பிக்கினு கீது. நேத்துலேருந்து அதுவும் இல்ல. இத்த வித்துதான் நாலு படி அரிசி வாங்கணும்.”

“அவன் உனக்கு என்ன ஆகணும்?”

“ஒரே வூடு சாமி. ஒரே பாயி.”

வேதாந்தம் ஒரு சின்ன அட்டையை எடுத்து, ‘விற்றவர்: சகோதரன்’னு எழுதினாரு. “கதை தெரியாம நான் மெடல் வாங்கறதில்லே. எப்படிச் செத்தான், சொல்லு.”

“சைரன் ஊதிச்சி. அல்லாரும் விழுந்தடிச்சிக்கினு ஓட்னாங்க. இவன் மட்டும் நடுரோட்டுல மல்லாந்துட்டான்.”

“மயிலாப்பூர்ல குண்டே விழலியே?”

“விழல. விழாமயே செத்தான். அதுக்குத்தான சாமி மெடலு?”

வேதாந்தத்துக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ‘வீர மாரடைப்பு’ன்னு அட்டையில எழுதினாரு.

“அப்புறம்?”

“ரெண்டு மணி நேரம் வெயில்ல கெடந்தான். தாரு ரோடு, முதுகு வெந்துபோச்சி. மூக்கு நுனில ஒரு ஈ குந்திக்கினு கொடையோ கொடைன்னு கொடையுது. அசையணுமே! மூச்!”

“செத்தவன் எப்படிப்பா அசைவான்?”

“அதான் சாமி கஷ்டம்.”

“பெரியவா யாராவது வந்து பார்த்தாளா?”

“தொர ஒர்த்தரு வந்தாரு. குனிஞ்சி பாத்து ‘பஸ்ட் கிளாஸ்’னு சொல்லிட்டுப் போனாரு.”

“மனுஷன் உயிர் போயிருக்கு, பஸ்ட் கிளாஸாம்! வெள்ளைக்காரன் புத்தி!” வேதாந்தம் பேனாவை அழுத்தினதுல அட்டை கிழிஞ்சுது. வேற அட்டையை எடுத்து எல்லாத்தையும் மறுபடி எழுதினாரு. மெடலை அலமாரியில நடுத்தட்டுல வெச்சு, பக்கத்துல அட்டையைச் சாத்தி, ரெண்டடி பின்னாடி நகர்ந்து நின்னு பார்த்தாரு. பெத்த பிள்ளையைத் தொட்டில்ல போட்டவர் மாதிரி இருந்துது முகம்.

உள்கதவு ஓரமா நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த அவர் சம்சாரம் அபயாம்பாள், முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வந்தா.

“ஏன்னா, இப்படியும் ஒரு சாவா! நடுரோட்டுல, வாயில ஒரு சொட்டு ஜலம்கூட விழாம...” அவ வாசப்படிப் பக்கம் திரும்பினா. “ஏம்ப்பா, அவனுக்கு என்ன பிடிக்கும்?”

“வத்தக்கொழம்புன்னா உசுரும்மா. கூட ஒரு அப்பளம் இருந்துட்டா...” அவன் எச்சில் முழுங்கினான்.

“நம்மாத்துல இன்னிக்கு அதேதான். அவன் பேரைச் சொல்லி காக்காய்க்கு ஒரு பிடி வெச்சுட்டு வரேன். அந்த ஆத்மாவுக்குப் பசி அடங்கட்டும்.”

ஒரு பிடின்னு சொன்னாளே தவிர, இலை நிறைய கொண்டு வந்தா. சூடா சாதம், மேல நெய், குழம்பு, ரெண்டு அப்பளம். வாசனை ஆபீஸ் ரூம் வரைக்கும் வந்துது.

வேதாந்தம் மேஜை டிராயரைத் திறந்து ரூபாயை எடுத்து நீட்டினாரு. வந்தவன் கையும் நீண்டுது. ஆனா கண்ணு இலைக்குப் பின்னாலயே போச்சு.

வாசல் மதில்மேல மூணு காக்கா வந்து உக்காந்துது. அபயாம்பாள், “அம்மாசி, வாப்பா, வந்து சாப்பிடு”ன்னு சொல்லிக்கிட்டே மதிலடியில இலையை வெக்கக் குனிஞ்சா.

ரூபாயை அப்படியே விட்டுட்டு, அவன் ஒரே பாய்ச்சல்ல மதில்கிட்ட போய் ரெண்டு கையையும் ஏந்தினான்.

“காக்காய்க்கு இன்னாத்துக்கும்மா, இப்பிடிக் குடு! குண்டு விழற ஒத்திகைன்னு என்னைப் பொணமா படுக்க வெச்சி, நெசம்னு எழுதிக்கினு போய்ட்டாங்க. அம்மாசி நான்தாம்மா!”