வாசியும், பாப்பம்

எல்லோரும் விஜயரட்ணத்தின் காலைத்தான் பார்த்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, கைத்தடியை ஊன்றி அவர் வீட்டுக்குள் வந்ததும் சுசீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவள் புருஷன் ஜெயமணி மட்டும் அவர் கையைப் பார்த்தான். விரல்கள் பழையபடியே இருந்தன.

விஜயரட்ணம் லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. போன வருடம் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தோட்ட ஆபீசுக்குள் குண்டு வீசினார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய கித்தார், பத்திரமாக இருக்கட்டும் என்று, மஸ்ஜித் தானாவுக்கு, ஜெயமணி வீட்டுக்கு வந்தது.

ஸ்பெயினில் கையால் செய்த ஃபிளமெங்கோ கித்தார். ஊர் திரும்பிய பாதிரியார் ஒருவர் கொடுத்தது. விரல் பட்டால் தீக்குச்சி கிழித்ததுபோல் சத்தம் பற்றும். பற்றிய வேகத்தில் அணையும். இத்தனை மாதமாக அதைத் தினமும் மடியில் வைத்திருந்தவன் ஜெயமணி. திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மலாக்காவில் ஒரு சீனத் தச்சரிடம் காட்டி, அதைப் போலவே இன்னொன்று செய்து வாங்கினான். நிறம், கனம், நகக்கீறல்கள் எல்லாம் அப்படியே வந்தன. சத்தம் மட்டும் வரவில்லை. பெட்டிக்குள் சற்று உட்கார்ந்துவிட்டு, கனமாக எழுந்து வந்தது.

நேற்று, அசலின் உள்ளே ஒட்டியிருந்த ஸ்பெயின் லேபலை ஈரத்துணியால் உரித்து நகலுக்குள் ஒட்டினான்.

"அண்ணே, டீயா கோப்பியா?" சமையல்கட்டு வாசலில் நின்று சுசீலா கேட்டாள்.

"ஓம்," என்றார் விஜயரட்ணம்.

"ஓம்னா எதுண்ணே? நான் என்ன பூசையா பண்றேன், மந்திரம் சொல்றீங்க?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"யாழ்ப்பாணத்துக்காரங்ககிட்ட எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்ல ஓம்தான் லா," என்றான் ஜெயமணி. "கோப்பியே போடு."

உள்ளே போய் இரண்டு கித்தார்களையும் கொண்டுவந்து பாயில் வைத்தான். அவன் மனசுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. நகலைத் தானே எடுத்துக் கொடுத்தால் அது திருட்டு. அவரே கேட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டால் பாவம் பாதிதானே.

அவருக்கு நேரே உட்கார்ந்து, ஒத்திகை பார்த்ததை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "அண்ணே, உங்க கித்தாரைப் பார்த்து நான் ஒண்ணு செய்ய வச்சேன். எது அசல், எது நகல்னு நீங்களே சொல்லணும்."

விஜயரட்ணம் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்துபோயிற்றோ என்று ஜெயமணி பயந்தான்.

"வாசியும், பாப்பம்," என்றார் அவர்.

யாழ்ப்பாணத்தார் எதற்கும் 'பாப்பம்'தான். ஜெயமணி நகலை எடுத்தான். தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் அதில் காட்டினான்.

பிறகு அசலை எடுத்தான். வேண்டுமென்றே விரலைத் தளர்த்தி வாசித்தான். அது அடங்கவில்லை. பலகையில் ஒரே ஒரு தட்டு. வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது. சமையல்கட்டிலிருந்து சுசீலா, "அம்மாடி, இதுதாங்க!" என்று குரல் கொடுத்தாள்.

போச்சு என்று நினைத்தான். தலை நிமிராமலே கித்தாரைக் கீழே வைத்தான்.

விஜயரட்ணம் இரண்டையும் மடியில் வாங்கினார். ஒவ்வொன்றின் துளைக்குள்ளும் குனிந்து பார்த்தார். லேபல் கடைக்காரனுக்கு, காது எனக்கு என்று முன்பெல்லாம் கேலி பேசியவர். இன்று நகலைக் குழந்தையைப்போலத் தட்டிக்கொடுத்தார்.

"இதுதான் என்ரை. சந்தேகமே இல்லை."

ஜெயமணிக்கு மூச்சு திரும்பியது. கூடவே வாய் கசந்தது. "இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கண்ணே," என்று தரையைப் பார்த்துக்கொண்டு முனகினான். ஏன் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நல்லவேளையாக அவர் பதில் சொல்லவில்லை.

கோப்பி குடித்ததும் அவர் எழுந்தார். ஊரடங்குக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கைத்தடியை எடுத்தார். அசல் கித்தாரை எடுத்துத் தோளில் மாட்டினார்.

ஜெயமணி பதறி எழுந்து அவர் முன்னால் போய் நின்றான். "அண்ணே, அது நகல்! உங்களோடது இது!"

"தெரியும் தம்பி." அவர் நகலை எடுத்து அவன் கையில் திணித்தார். "இவ்வளவு நாளும் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தீர். அசல் உம்மட்டையே இருக்கட்டும். சுவரில மாட்ட எனக்கு நகல் போதும்."

"ஏண்ணே, நீங்க வாசிக்க வேணாமா?"

விஜயரட்ணம் அவன் உதட்டைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"குண்டு வெடிச்சதோட எனக்கு ரெண்டு காதும் போச்சுது தம்பி."